பிள்ளைகளை விட்டுவிட்ட ஏரோது

ஏரோது ராஜா பெத்லகேம் பிள்ளைகளை ஒருமுறை கொல்லாமல் விட்டிருக்கிறான். எங்கள் ஊர் மாதா கோவில் மைதானத்தில், பட்டப்பகலில், பத்தாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க விட்டான். பங்குச் சாமியாரைக் கேட்டால் இருநூறு பேர் என்பார். அவருக்கு மரத்தின் மேல் இருந்தவர்களை எண்ணத் தெரியாது. குழந்தை இயேசுவைத் தீர்த்துக்கட்ட ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கொன்றான் என்று வேதத்தில் எழுதியதை மாற்றி நடத்திக் காட்டிய ஏரோது உலகத்திலேயே ஒருவன்தான். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற சவரிராயன். அடியேன்.

என் வாயிலிருந்து வரும் எதையும் அப்படியே நம்பாத ஆள் ஒருத்திதான்: என் மனைவி தனபாக்கியம். கல்யாணமான புதிதிலேயே எனக்கென்று ஒரு கணக்குப் போட்டு வைத்துவிட்டாள். நான் எது சொன்னாலும் அதில் பாதி. நாகப்பட்டினத்தில் முழ நீளத்துக்கு மீன் வாங்கியிருக்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினால், சாண் நீள மீனுக்கு மசாலா அரைத்து வைத்திருப்பாள். நான் மீனோடு வந்து சேர்ந்தால் மசாலா மிஞ்சவும் மிஞ்சாது, பற்றாமலும் போகாது.

"உங்கப்பா பொய் சொல்லமாட்டாருடா. ரெண்டால வகுத்துக்கணும், அவ்வளவுதான்" என்று எங்கள் ஒரே மகன் தியாகுவிடம் சொல்லுவாள். அவன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

ஓய்வு பெற்று வந்த வருஷமே என்னைக் கிறிஸ்மஸ் நாடகத்தில் பிடித்துப் போட்டார்கள். எங்கள் ஊர்ப் பிறப்பு நாடகம் முழுக்கப் பாட்டு. தேவதூதன் பாடுவான், இடையன் பாடுவான், சமயத்தில் ஆடும் சேர்ந்து கத்தும். சூசையப்பர் வேஷத்துக்கு அடிதடி. ஏரோது வேஷத்துக்கு ஆளே கிடையாது. பிள்ளைகளைக் கொல்லச் சொல்லும் வாய் யாருக்கு வேண்டும்? கடைத்தெருத் தையல்காரர் ஜெக்கரியா பாய்தான் நாடகத்துக்கு ஆர்மோனியம். அவர்தான் என் பெயரை எடுத்தார்.

"நம்ம டி.டி.ஆரய்யாவைப் போடுங்க சாமி. காலம்பூரா டிக்கெட் இல்லாதவங்களை நடுவழியில இறக்கிவிட்டவரு. ஈரமே இருக்காது."

ஏதோ கல்யாண மண்டபத்தில் கழித்துப்போட்ட வெல்வெட் திரையை வெட்டி அவரே எனக்கு அங்கியும் தைத்தார்.

தனபாக்கியத்துக்குப் பிடிக்கவில்லை. "நமக்கும் ஒத்தைப் பிள்ளை இருக்கு. இந்த வேஷம் வேணாம்ங்க."

"நடிப்புதானே தனம்."

"உங்களுக்கு எது நடிப்பு, எது நெசம்னு எனக்கே இன்னும் பிடிபடலை."

முதல் வருஷம், குழந்தை இயேசுவைத் தேடி வரும் மூன்று ராஜாக்களும் என் அரண்மனைக்குள் நுழைந்தபோது, என்னையறியாமல் கையை நீட்டி "டிக்கெட்" என்று கேட்டுவிட்டேன். மைதானம் சிரித்த சிரிப்பில் கோவில் மணி தானாக அடித்தது. மறு வருஷம் அதை வசனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நான் போட்ட ஒரு கர்ஜனையைக் கேட்டு, கீழ்வேளூர் ஸ்டேஷனில் நின்ற வண்டி சிக்னல் கிடைத்துவிட்டது என்று எண்ணிக் கிளம்பிப் போயிருக்கிறது. கார்டு என் சிநேகிதன், அவனே சொன்னான்.

அந்த நாடகத்தில் ஒத்திகையே இல்லாத கட்டம் ஒன்று உண்டு. சேவகர்கள் தாய் வேஷக்காரிகளின் கையிலிருக்கும் துணிப்பொம்மைகளைப் பிடுங்கி நிற்பார்கள், நான் வெட்டச் சொல்லிக் கட்டளைப் பாட்டை எடுப்பேன். அதற்குப் பின் வருவது தாய்மார் பாட்டு. அதை வேஷக்காரிகள் பாடுவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் யாராக இருந்தாலும் மேடையேறி, வரிசையில் நின்று, தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஓரடி பாடலாம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவள், எந்தத் தெருக்காரி என்று யாரும் கேட்பதில்லை. வாந்திபேதியில் மகளைப் பறிகொடுத்த அம்சம் என்பவள், வருஷத்துக்கு ஒருமுறை அந்த மேடையில்தான் மகள் பெயரை வாய்விட்டுச் சொல்லுவாள். அந்த நேரம் ஏரோது உள்ளே போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் போகமாட்டேன். படுதா ஓரம் நின்று, மையில் வரைந்த மீசை கழுத்துவரை வழிய அழுவேன்.

மூன்றாம் வருஷம்தான் அது நடந்தது. ஆட்சி மாறியிருந்த காலம். சுவர்களில் கறுப்பு சிவப்பு, வரப்புகளில் வெறும் சிவப்பு. குறுவை அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டித் தரச்சொல்லி ஆட்கள் வயலில் இறங்காமல் நின்றார்கள். பண்ணைகள் வெளியூர் ஆட்களை இறக்கின. தியாகு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தான். அவனுக்கு நிலமும் கிடையாது, அரிவாள் பிடிக்கவும் தெரியாது. கூலிக்காரர்களுக்காகப் பேச மட்டும் போவான். ஐப்பசியில் ஒரு காலை அப்படிப் பேசப் போன இடத்தில் கைகலப்பு. யார் அடித்தது என்பதைக் கோர்ட்டில் வருஷக்கணக்காகப் பேசினார்கள். அடிபட்டவன் யார் என்பதில் மட்டும் சந்தேகம் இருக்கவில்லை.

என்னை மட்டும் போலீஸ் ஜீப்பில் ஏற்றி நாகப்பட்டினம் கொண்டுபோனார்கள். உடலை ஊருக்குக் கொண்டுபோனால் கலவரமாகும், இங்கேயே அடக்கம் செய்துவிடுங்கள் என்றார்கள். ஊரில் அத்தனை பேர் இருந்தும் அவன் முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். மண் போட்டவனும் நான்தான்.

பஸ்ஸில் வரும்போது, வாழ்நாள் முழுக்கத் தேடாமல் கிடைத்த வார்த்தைகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, எதையும் கூட்டாமல் சொன்னேன்.

"தனம், தியாகு செத்துட்டான்."

அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எங்க அடி?"

"தலையில."

"பலமாவா?"

"செத்துட்டான்மா. மண்ணு போட்டுட்டு வரேன்."

களைந்த நீரை மெதுவாக வடித்தாள். "சரி, பாதியா வச்சுக்கிறேன். ஆஸ்பத்திரியில இருக்கான். எப்ப விடுவாங்களாம்?"

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேடையில இதைவிட நல்லா அழுதீங்க" என்றாள். கேலியில்லை. எனக்காக மனம் இறங்கித்தான் சொன்னாள்.

பங்குச் சாமியார் வந்து பக்குவமாக எடுத்துச் சொன்னார். அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "சாமி, நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சவரிராயன்தான் வந்து..."

"அவரு சொன்னதுதானே" என்று சிரித்தாள். ஊர் முழுக்க யார் வந்து சொன்னாலும் அது நான் சொன்னதுதான். அதில் பாதியைக் கழிக்க அவளுக்குத் தெரியும். போலீஸ் சொன்னது என்றால், "அவங்க இவருக்கு மேல" என்றாள்.

தினமும் அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கிறிஸ்மஸ் நெருங்கியதும் அவனுக்குச் சட்டை தைக்க வெள்ளைத் துணி எடுத்துக்கொண்டு ஜெக்கரியா பாயிடம் போனாள். "போன வருஷ அளவே போதும் பாய். ஆஸ்பத்திரிச் சாப்பாடு, இளைச்சுத்தான் வருவான்." பாய் என்ன செய்வார்? தைத்தார். பட்டன் கட்டும்போது கண் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து தைக்கிற மனிதர்.

அம்சம் வாசலில் வந்து நின்று தயங்கினாள். "அக்கா, இந்த வருஷம் தாய்மார் பாட்டுக்கு... எங்ககூட..."

"என் பிள்ளை இருக்கான் அம்சம். நான் வந்து நின்னா அவனுக்கு ஆகாது."

அம்சம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். தியாகுவுக்காக அழ அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். என் அழுகையிலும் பாதி கழிந்து போனது. அவள் இப்படியே இருந்துவிட்டால், ஐப்பசியில் நான் பறிகொடுத்தது இரண்டு பேரை என்று ஆகிவிடும். இருந்த ஒரே பயம் அதுதான்.

"இந்த வருஷம் உமக்கு வேஷம் வேண்டாம்" என்றார் சாமியார். நான் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தால் என்ன பேசுவது? மேடையில் நின்றால் பேச வேண்டியதை வேறொருவர் எழுதிவைத்திருக்கிறார்.

கைகலப்புக்குப் பிறகு இரவில் கூட்டம் கூடத் தடை. அதனால் நாடகம் மாலை வெயிலில் நடந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ராஜாவாக இருந்தவர்கள் வெயிலில் எப்படி இருப்பார்கள்? என் கிரீடத்தின் அட்டை தெரிந்தது. சேவகர்களின் கவசத்துக்குக் கீழே கைலி தெரிந்தது. முன்வரிசைப் பாயில் தனபாக்கியம் தெரிந்தாள். மடியில் அந்தச் சட்டை, கடைக் காகிதம் பிரிக்காமல். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நாடகத்துக்கு வந்துவிடுவான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

"டிக்கெட்" வசனம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கட்டளைப் பாட்டு வந்தது. 'ஒருவரும் மிஞ்சாமல் வெட்டுங்கள்' என்று நான் எடுக்க வேண்டும். ஜெக்கரியா பாய் சுருதி கொடுத்தார். மறுபடியும் கொடுத்தார். எனக்கு அவள் உட்கார்ந்திருந்த கோரைப்பாயும் அந்தக் காலி இடமும் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"விடுங்க" என்றேன். "பிள்ளைகளை அவங்கவங்க அம்மாகிட்டயே கொடுத்துடுங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஆர்மோனியம் நின்றது. "டி.டி.ஆரய்யா, வசனம் அது இல்ல" என்று பாய் கிசுகிசுத்தார்.

"தெரியும் பாய்."

சேவகர்கள் பிடுங்கிய பொம்மைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மேடைப் படிக்குக் கீழே, அம்சமும் மற்ற தாய்மார்களும் ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். படுதாவுக்குப் பின்னால் சாமியார் கையைக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார், பிறகு அவரும் சும்மா நின்றுவிட்டார்.

தனபாக்கியம் எழுந்தாள். தாய்மார்களை விலக்கிக்கொண்டு படியேறி, மசாலா அரைக்கும் முன் மீன் எவ்வளவு என்று கேட்பாளே, அந்தக் கண்ணோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க இது? பிள்ளைகளை விட்டுட்டா நாங்க எதைப் பாடுறது?"

நாங்க என்றாள்.

அவள் திரும்பி, "வா அம்சம்" என்றாள். ஏறி வந்தவர்களின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள். காகிதத்தைப் பிரித்துச் சட்டையை எடுத்து, பச்சைப் பிள்ளையைப் போடுவதுபோல் தோளில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொருத்தியும் ஓரடி பாடினாள். அவள் முறை வந்தது. என் மனைவி பாடி நான் கேட்டதே இல்லை.

*பாதி உசிரு இருக்குமின்னு பார்த்திருந்தேன் என் தியாகு,*
*முழுசாப் போனியே, என் மகனே, முழுசாப் போனியே.*

பாய் ஆர்மோனியத்தின் மேல் கவிழ்ந்துவிட்டார். அன்று மட்டும் ஏரோது படுதா ஓரம் போகவில்லை. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் அவளை ஒட்டிப் போய் நின்றான்.

இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வாய்க்கால் கரையில் அவள் முன்னால் போனாள். வெல்வெட் அங்கி நெருஞ்சியில் மாட்ட மாட்ட நான் பின்னால் போனேன். எனக்கு மௌனம் தாங்காது.

"நானூறு பேர் இருந்தாங்க தனம். அத்தனை பேரும் அழுதாங்க."

"இருநூறு" என்றாள்.

பத்தாயிரம் பிற்பாடு வளர்ந்தது. கொஞ்ச தூரம் நடந்தோம். மதகடியில் நின்று, திரும்பாமல் கூப்பிட்டாள்.

"ஏங்க."

"ம்."

"அன்னைக்கு வந்து சொன்னீங்களே."

"ம்."

சட்டையை நாலாக மடித்துக்கொண்டே சொன்னாள்: "அதுல நீங்க ஒண்ணும் கூட்டலைங்க. அப்படியேதான் நடந்திருக்கு."