கழிவு போக மூன்று கிலோ

என் கணவர் பதியுதீன் கல்முனையில் நெல் வாங்கி விற்பவர். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடக்கும் ஈர நெல்லைக் கண்டுபிடித்துவிடுவார். சாக்குக்கு, பதருக்கு, தூசிக்கு என்று கழிக்காமல் எந்த நிறையையும் ஒப்புக்கொள்ளமாட்டார். மாவடிப்பள்ளி விவசாயிகள் அவரைத் தூரத்தில் கண்டாலே முகம் சுளிப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர், எங்களுக்கு மகள் பிறந்ததும், அவள் நிறையை மட்டும் ஒரு கிராமும் கழிக்காமல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நாலு கிலோ! யுத்தம் முடிந்து ஒரு மாதம். சந்தையில் எல்லோரும் அதைப் பற்றிக் கதைக்க, இவர் நாலு கிலோவைப் பற்றிக் கதைத்தார். பிள்ளையின் வயிறு இப்படிப் பெருத்திருக்கிறதே என்று கேட்டேன். அது தாய்ப்பாலின் பரக்கத், இறைவன் தரும் வளம் என்று என்னை அடக்கிவிட்டார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்த மருத்துவமாது சாரதாதேவி, பிள்ளையின் வயிற்றில் இடப்பக்கத்தைத் தொட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அன்றே அம்புலன்சில் கொழும்புக்குப் போனோம். வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். ஓரிடத்திலும் இவர் நிறையைச் சொல்லவில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் தக்சாயினி எல்லாவற்றையும் விளக்கினார். கட்டி இடது சிறுநீரகத்தில். அதையும் சேர்த்தே எடுக்கவேண்டும். மற்றச் சிறுநீரகம் போதும். ஆனால் இந்தச் சின்ன உடம்பில் கொஞ்சம் இரத்தம் கூடப் போனாலும் ஆபத்து. இவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: கட்டி என்ன நிறை?

"ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும்."

இவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில கைய உட்டுப் பாக்காம இருந்திட்டன், சுல்பிகா."

வேறொரு நாளென்றால் கேலி செய்திருப்பேன். அன்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணித்தியாலம் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே இருந்தோம். நான் பயத்தில் செத்துப் பிழைத்தேன். தக்சாயினி வந்து, கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, பிள்ளை நலம் என்றபோது, இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

ஊருக்குத் திரும்பியதும் வீரமுனை விவசாயி வேலப்போடி நெல்லோடு வந்தார். வருடக்கணக்காக இவரிடம் கழிவு கொடுத்தவருக்கு இதுதானே வாய்ப்பு.

"என்ன முதலாளி, நாலு கிலோ எண்டீங்க, புள்ள மெலிஞ்செல்லோ கிடக்கு?"

"கழிவு போக மூணு கிலோ. பதரே இல்லாத மூணு."

அன்று வேலப்போடியின் நெல்லில் ஒன்றும் கழிக்கவில்லை. மறுநாள் பழையபடி ஆகிவிட்டார்.

ஆனால் ஒன்று. இன்றுவரை, நான் மகளைக் குளிப்பாட்டி முடித்ததும், மூட்டைக்குள் விடும் அந்தக் கையால் அவள் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்த பிறகுதான் கடை திறக்கப் போகிறார்.