காண்ட்ராக்டர் வேலையை நிறுத்திய நாள்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். நாய் வருகிற இடங்களில் மட்டும் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொன்னால், நம்பலாம் என்று வந்தவர்கள்கூட எழுந்து போய்விடுவார்கள்.

மேஸ்திரியின் உடலை முன்கூடத்தில் கிடத்தியிருந்த அந்தக் காலையில், அவருடைய மாப்பிள்ளை கொல்லையில் நான்கு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்காலெல்லாம் மண், மூக்கு தரைக்கு வெகு அருகில். மதிலோரமாகப் போனார். துணிக்கொடிக் கம்பத்தைச் சுற்றி வந்தார். ஓட்டை சைக்கிளைத் தூக்கி அதன் அடியில் பார்த்தார். அவர் தேடியது ஒரு குழியை. புதிதாகத் தோண்டிய குழி. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் சமையலறை ஜன்னலில் கூடி இதைப் பார்த்தார்கள்.

"பாவம், மண்ணுல விழுந்து புரள்றாரு பாரு."

"பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது. வீட்டோட மாப்பிள்ளைன்னா இப்படி அமையணும்."

"எங்க வீட்லயும்தான் ஒண்ணு அமைஞ்சிருக்கு. நான் போனா டிவி சத்தத்தைக் குறைச்சாலே பெருசு."

மாப்பிள்ளை காதில் விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை, அழவும் இல்லை. அழுவதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய சந்தேகம் ஒன்று இருந்தது. மாமனாரைக் கொன்றது தான்தானா என்பதே அது. கத்தி இல்லை, விஷம் இல்லை. நாய் தோண்டுவதை நிறுத்தினார். அவ்வளவுதான்.

மேஸ்திரி படுக்கையில் விழுந்ததும் பின்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். காற்று வரட்டும் என்று போட்டது. காற்றோடு நாயும் வந்தது. எங்கிருந்தோ வந்த பழுப்பு நாய், ஜன்னலுக்கு நேராக நின்று, கொல்லையை ஒருமுறை அளப்பதுபோல் நடந்து பார்த்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தது. பாதியில் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனது. அதையும் பாதியில் விட்டது.

"காண்ட்ராக்டர் வந்துட்டான்" என்றார் மேஸ்திரி. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு வேலை கிடைத்தது. விடிந்ததும் கண்ணைத் திறப்பார், ஜன்னலைப் பார்ப்பார், குழியைப் பார்ப்பார், கத்துவார். அந்தக் கத்தலுக்குப் பக்கத்துத் தெருவில் பால் பொங்கும். அடுப்பில் வைக்காத பால். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மூடச் சொல்வார். மாப்பிள்ளை பல்செட் செய்கிறவர். மண்வெட்டியைக்கூடப் பல் துலக்கும் பிரஷ் மாதிரித்தான் பிடிப்பார்.

"குழியை மூடறதுன்னா மண்ணைத் தள்ளிவிடறது இல்ல மாப்ள. ஒரு அடுக்கு மண்ணு, கொஞ்சம் தண்ணி, திமிசுக்கட்டையால நாலு இடி, அப்புறம் அடுத்த அடுக்கு. பொக்கை வாயில பொய்ப்பல்லு வைக்கிற மாதிரி நெனச்சீங்களா?"

"சரிங்க மாமா."

"சரிங்க சரிங்கன்னு சொல்லத்தான் தெரியுது. நான் கண்ணை மூடறதுக்குள்ள இந்தக் கொல்லையை ஒரு நாளாவது சமமா பாக்கணும். உங்களால முடியுமா, முடியாதா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து மேஸ்திரி மாப்பிள்ளையிடம் கேட்டது இது ஒன்றுதான். பாராட்டாக ஒரு வார்த்தை சொன்னதும் கிடையாது. ஆகவே மாப்பிள்ளை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்.

முதலில் மிளகாய்த்தூள் தூவினார். நாய் தும்மியது. ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு முழம் மண் பறந்தது. காலால் தோண்டுவதைவிட இது சுலபமாக இருக்கிறதே என்று அது தானே மிளகாய்த்தூளைத் தேடி வர ஆரம்பித்தது. அடுத்து, தோண்டுகிற இடங்களில் கருங்கல் வைத்தார். காலையில் பார்த்தால் கற்கள் மதிலோரம் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. உங்க வேலை இல்லையே?"

"இல்லைங்க மாமா."

"அதானே."

ரேடியோ வைத்துப் பார்த்தார். செய்தி ஓடும்வரை நாய் தோண்டியது. வானிலை அறிக்கை வந்ததும் நிறுத்தி, மழை உண்டா என்று கேட்டுக்கொண்டு, மறுபடி தோண்டியது. நடுவில் ஒருநாள் மாப்பிள்ளையின் வேலை மேசையிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் மேல்வரிசைப் பல்லையே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டது. மாப்பிள்ளை இடுப்பளவுக் குழியில் இறங்கி அதை எடுத்து, கழுவி, பயந்துகொண்டே கொடுத்தார். அந்த மனிதர் போட்டுப் பார்த்துவிட்டு, முன்பு இருந்த உறுத்தல் இப்போது இல்லை, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

இதற்கிடையில் டாக்டர் ஒருநாள் மாப்பிள்ளையை வாசலுக்குத் தனியே அழைத்துப் பேசினார்.

"நான் குடுக்கிற மருந்துக்கு இவர் எப்பவோ போயிருக்கணும். வேற ஏதோ ஒண்ணு இழுத்துப் பிடிச்சிட்டிருக்கு. என்னன்னு தெரியல. எதுவா இருந்தாலும் அதை மட்டும் நிறுத்திடாதீங்க."

உள்ளேயிருந்து மேஸ்திரியின் கத்தல் கேட்டது. டாக்டர் பையிலிருந்த கண்ணாடிச் சீசாக்கள் கலகலத்தன.

"அந்த நாயால அவருக்கு ஓய்வே இல்லைங்க டாக்டர்" என்றார் மாப்பிள்ளை வருத்தத்தோடு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. வாய்க்குள் மட்டுமே பார்த்துப் பழகியவர்.

கடைசியில் வழி கிடைத்தது. மதில் மூலையில் நாலு பலகை அடித்து, நிறைய ஆற்றுமணல் கொட்டி, நாயைக் கூட்டிப்போய் நிறுத்தி, "இது உன் இடம். எவ்வளவு வேணும்னாலும் தோண்டிக்கோ. யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். நாய் மணலைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. அனுமதி கொடுத்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது? மணல்மேல் ஏறி, தலையை முன்காலில் வைத்து, ஓய்வு பெற்ற அதிகாரி மாதிரி படுத்துவிட்டது. அன்று முழுக்க ஒரு பிடி மண் பறக்கவில்லை.

மாப்பிள்ளை எல்லாக் குழிகளையும் மூடினார். அடுக்கு, தண்ணீர், இடி. சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"பாருங்க மாமா."

மேஸ்திரி வெகு நேரம் பார்த்தார். கொல்லை தாம்பாளம் மாதிரி கிடந்தது.

"நல்லது" என்றார்.

அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்த மாப்பிள்ளை, அதைக் கேட்டபிறகும் ஏதாவது குறை சொல்வார் என்று இருட்டும்வரை அங்கேயே நின்றார்.

விடியும்போது மனைவி வந்து எழுப்பினாள். "அப்பா போயிட்டாருங்க." டாக்டர் வந்து நாடியைப் பார்த்தார். எழுந்திருக்கும்போது ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்து, "என்ன, இன்னிக்கு அவன் தோண்டலையா?" என்று சும்மாதான் கேட்டார்.

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் இரண்டும் இரண்டும் நாலாயிற்று.

அதன் பிறகு மேஸ்திரியின் தம்பி வந்தார், அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். "எல்லாரும் நல்லா இருங்கன்னு சொன்னாரு சித்தப்பா" என்றாள் மகள். கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை கொல்லையைப் பார்த்தார். திட்டாமல் போயிருக்கிறார். குழி இல்லை, கத்தல் இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் மனிதர் கையை விட்டுவிட்டார். எங்காவது ஒரு குழி, காலையில் அவர் கண்ணில் பட்டிருக்கக்கூடிய ஒரு குழி இருந்தால் போதும். அப்படித்தான் தவழ ஆரம்பித்தார்.

மகளோ துக்கம் தாங்காமல் பின்னறை ஜன்னலுக்கு நேர் கீழே, கவிழ்த்துப் போட்ட பெரிய அண்டாமேல் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அதே இடம். பெண்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். "இங்கயே இருக்கேன், விடுங்க" என்று சொல்லிவிட்டாள். காண்ட்ராக்டர் அவ்வப்போது வந்து அண்டாவின் விளிம்பை முகர்ந்தது. காலால் தள்ளிவிட்டாள்.

மேஸ்திரியின் தம்பி வெளியே வந்து மாப்பிள்ளையின் தோளைத் தொட்டார்.

"எந்திரிங்க மாப்ள. அழுதா ஆச்சா? அண்ணன் வாழ்ந்து முடிச்சவர்."

"அழலைங்க சின்ன மாமா. தேடிட்டிருக்கேன்."

"இனிமே எங்க தேடினாலும் வரமாட்டாரு" என்று சொல்லிவிட்டு, அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளை தவழ்ந்தே அண்டா அருகே வந்து சேர்ந்தார். அதற்குமேல் போக இடமில்லை. மனைவியின் காலடியில் உட்கார்ந்தார்.

"நான்தான் உங்கப்பாவைக் கொன்னுட்டேன்."

அவள் குனிந்து பார்த்தாள். "என்ன உளர்றீங்க?"

"நாயை நிறுத்தினேன் பாரு. அதுதான் அவரைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு. காலையில எழுந்து பார்த்திருப்பாரு. கொல்லை மொட்டையா கிடந்திருக்கும். திட்டறதுக்கு ஒண்ணுமில்ல. மனுஷன் எதுக்காக இருக்கணும்?"

அவள் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். கூட்டம் முன்பக்கம் போயிருந்தது. பிறகு எழுந்து, அண்டாவை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள்.

அடியில் குழி இருந்தது. புதுக்குழி. விளிம்பில் நகக்கீறல் ஈரம் காயாமல் இருந்தது. மாப்பிள்ளை கையை விட்டார். தோள்வரை போயிற்று. அடி தட்டுப்படவில்லை.

"எப்போ?"

"விடியக்காலையில. அப்பா கண்ணு முழிச்சு ஜன்னலைப் பார்த்தாரு. நீங்க சொன்ன மாதிரிதான், முகமே செத்துப்போச்சு. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்ப இவன் எழுந்து வந்தான். நேரா ஜன்னலுக்குக் கீழ. வீட்டு அஸ்திவாரமே போற மாதிரி தோண்டினான். அப்பா எழுந்து உக்காந்துட்டாருங்க. நான் பிடிக்கல. தானா."

"திட்டினாரா?"

"'டேய் சோம்பேறி, இப்பத்தான் வேலைக்கு வர்றியா'ன்னு ஒரே கத்து. எதிர்வீட்ல விளக்கு எரிஞ்சுது."

"எனக்குக் கேக்கலையே."

"உங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது."

"அப்புறம்?"

"சிரிச்சாரு. ரொம்ப நேரம். அப்புறம் படுத்துக்கிட்டு, 'மாப்ளகிட்ட சொல்லிடாத, வந்து மூடிடுவாரு'ன்னாரு. அதான் கடைசி."

மாப்பிள்ளை குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மார்புக்குள் காலையிலிருந்து கல்லாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு மெதுவாக வெளியே வந்தது. கொஞ்ச நேரத்துக்கு அது வந்துகொண்டே இருந்தது.

"அப்போ சின்ன மாமாகிட்ட, எல்லாரும் நல்லா இருங்கன்னு..."

"கடைசியா சோம்பேறின்னு சொன்னாருன்னு சொல்லச் சொல்றீங்களா? சித்தப்பா தன்னைத்தான் சொன்னாருன்னு எடுத்துக்குவாரு."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவளும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தூரத்திலிருந்து பார்த்த யாரோ, "புருஷனும் பெண்டாட்டியும் ஒண்ணா சேர்ந்து அழறாங்க, கூப்பிடாதீங்க" என்று சொல்வது கேட்டது.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம். யாரோ மாப்பிள்ளையைக் கேட்டார்கள். அவர் எழுந்து முகத்தைத் துடைத்தார். அண்டாவை எடுத்தார். குழிமேல் கவிழ்க்கவில்லை, சுவரில் சாய்த்து வைத்தார். மண்வெட்டி அதன் பக்கத்தில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை.

நாய் வந்தது. குழியை முகர்ந்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தது. அவர் காலை ஓரமாக நகர்த்தி இடம்விட்டார். மண் பறந்து வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அதைத் தட்டிவிடாமல், தோள் கொடுக்க முன்கூடத்துக்குப் போனார்.

நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மேஸ்திரி வீட்டுக் கொல்லை, சுவருக்குச் சுவர் கான்கிரீட் தளம். நாய் பிறப்பதற்கு முன்பே அவர் தம் கையால் போட்டது. இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை.