தார்ப்பாதையில் எட்டு

எங்கள் குடியிருப்பில் ஒரு மரம் வேண்டாம் என்றால் அதை யாரும் வெட்டுவதில்லை. வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். மறுநாள் காலையில் அது வேர்களில் இருந்த மண்ணை உதறிவிட்டு இன்னொரு வீட்டு கேட்டின் முன்னால் போய் நிற்கும். மதியத்துக்குள் யாராவது தண்ணீர் கொடுத்தால் உள்ளே வரும். கொடுக்காவிட்டால் அடுத்த வீடு. தண்ணீர் குடித்துவிட்டால், அந்த வீட்டுக்காரர் யாராவது வாயைத் திறந்து போகச் சொல்கிறவரை கேட்டைத் தாண்டாது. இந்த விதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் குறையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான்.

கேட்டில் யார் வந்து நின்றாலும் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடுவாள். சிலிண்டர் கொண்டு வருகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரர்கள், வழி தவறி வந்தவர்கள், மரங்கள். "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க." போகச் சொல்வது மட்டும் அவளுக்கு வராது. இருபத்து மூன்று வருடங்களாகப் பார்க்கிறேன், ஒருவரையும் சொன்னதில்லை.

வடவள்ளியில் மற்ற வீடுகளில் வாசலுக்குக் கல் பதித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை தார். அப்பா ரோடு போடும் வேலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டரில் தாராளமாக எட்டுப் போடலாம், அவ்வளவு அகலம்.

எனக்கு வேண்டியதும் அந்த எட்டுதான். மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. ஊர் ஊராகப் போய் மண் எடுத்து வர வேண்டும் என்பதால், லைசென்ஸோடு வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். டெஸ்டில் இரண்டு முறை காலை ஊன்றித் தோற்றிருந்தேன். வரிசையில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் பார்க்கும்போது என் கால் தானாகக் கீழே போய்விடும். தெருவில் பழகவும் கூச்சம். எங்கள் தார்ப்பாதையில் மட்டும்தான் என்னை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் எதிர்வீட்டுத் தங்கமணியக்காவின் பாதாம் மரம் வந்தது. இலை கூட்டி மாளவில்லை என்று அவள் அனுப்பிவிட்டாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள். அது உள்ளே வந்து பாதையின் நடுவில் நின்றது. ஒரு வாரம் கழித்து அக்கா கூடையோடு வந்து பாதாங்கொட்டை பொறுக்கினாள்.

"அக்கா, மரம் வேண்டாம்னு நீங்கதானே அனுப்பினீங்க?"

"மரந்தான் வேண்டாம்னேன் அம்மிணி. காயை வேண்டாம்னனா? எலையக் கொஞ்சம் அப்பப்ப கூட்டிருங்க, வழுக்கப்போகுது."

நான் கூட்டினேன். பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் உலகம் எப்போதும் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்துவிடுகிறது.

பிறகு கம்பளிப்பூச்சிகளோடு ஒரு முருங்கை வந்தது. பிறகு ஒரு தைலமரம். அது ஒரு சொம்போடு நிற்கவில்லை, ஒரு குடம் குடித்தது. வேர்கள் தாரைப் பிளந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா பழைய தகர டின்னில் தார் காய்ச்சி, ஜல்லி கலந்து வெடிப்புகளை அடைத்தார். வேரின்மேல் ஒரு சொட்டுக்கூடப் படாமல் பார்த்துக்கொண்டார்.

"இப்படியே அடைச்சுட்டு இருந்தா எப்படிப்பா?" என்றேன்.

"அதுகளும் எங்கதான் சாமி கால வைக்கும்?" என்றார்.

என் கால் எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் எட்டுப் போடும்போது மரங்கள் ஒதுங்கத்தான் செய்தன. ஆனால் நான் இடப்பக்கம் வந்தால் பாதாமும் மரியாதைக்கு இடப்பக்கமே ஒதுங்கும். நான் வலப்பக்கம் திருப்பினால் முருங்கையும் வலப்பக்கம் நகரும். ஒவ்வொரு முறையும் காலை ஊன்றினேன். மூன்று மரங்களும் பார்த்துக்கொண்டு நின்றன.

டெஸ்டுக்கு முந்தின நாள் காலையில் கேட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் நிழலே எங்கள் போர்ட்டிகோ வரை விழுந்தது. அது உள்ளே வந்தால் எட்டு என்ன, ஒன்றுகூடப் போட முடியாது. அம்மா சொம்போடு வந்தாள்.

"வேண்டாம்மா."

"வந்தவங்க தொண்டை காயுது கண்ணு. நவுரு."

நான் நகரவில்லை. சொம்பைப் பிடுங்கி, கேட்டருகிலேயே நின்று, அந்தத் தண்ணீர் முழுவதையும் நானே குடித்தேன். தாவணிப் பருவத்திலிருந்து சேர்த்துவைத்த கோபத்துக்கு அந்தச் சொம்பு போதவில்லை. தூங்குமூஞ்சி மதியம்வரை நின்றுவிட்டு, இலைகளை மூடிக்கொண்டு போய்விட்டது. "படிச்ச புள்ள பண்ற வேலையா இது?" என்று தங்கமணியக்கா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

மறுநாள் காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கேட்டருகே கொண்டுபோனேன். கேட்டைத் தாண்ட முடியவில்லை. மரத்துக்கு வந்த தண்ணீரைக் குடித்திருந்தேன் அல்லவா?

"அம்மா, என்னைப் போகச் சொல்லுங்க. டெஸ்டுக்கு நேரமாச்சு."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த புள்ளையப் போன்னு சொல்ற வாயா இது? அந்த வார்த்தை எனக்கு வராது சாமி."

அப்பாவைப் பார்த்தேன். அவர் டின்னில் தாரைக் கிளறிக்கொண்டிருந்தார். "உங்கம்மா சொல்லாம நான் எப்படிச் சொல்றது?"

எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் செல்லாது. ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். பாதாம் மரம்தான் எதிரில் நின்றது.

"நீங்களாவது போங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

பாதாம் கிளைகளைத் தாழ்த்தி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டது. சாவி வண்டியில்தான் இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் வேலை இருக்கிறது என்று தங்கமணியக்கா பின்னால் ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் அவள்தான் வந்து சொன்னாள். "சும்மா சொல்லக் கூடாது. உன்னாட்டம் கால ஊனுல அம்மிணி. போன தடவைக்கு இப்ப எவ்வளவோ பரவால்லைன்னு இன்ஸ்பெக்டரே சொன்னாருங்கறேன்."

பாதாம் கேட்டில் காத்து நின்றது. "வாங்க, களைச்சுப் போயிருப்பீங்க" என்று அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

லைசென்ஸ் தபாலில் வந்தது. பெயர் என்னுடையது. போட்டோவில் இலைகள். இப்போது தினமும் காலையில் நான் பாதாமைப் போகச் சொல்கிறேன், அது வேலைக்குப் போகிறது. மண்ணைக் கையில் எடுத்ததுமே அதில் என்ன குறை என்று சொல்லிவிடுகிறது என்று பரிசோதனைக் கூடத்தில் மெச்சுகிறார்களாம். அதே மண்ணைப் பற்றி நான் ஐந்து வருடம் கல்லூரியில் படித்தேன். இதைக் கேட்க ஆள் இல்லை. நான் தைலமரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். என் கால் அருகே வெடித்த தாரை அப்பா அடைத்துக் கொடுத்திருக்கிறார்.

போன வாரம் முருங்கைக்கு எல்.எல்.ஆர். வந்தது. சாயங்காலம் பாதாம் வண்டியோடு திரும்பியதும் அது எட்டுப் போட்டுப் பழகுகிறது. அது இடப்பக்கம் வரும்போது நானும் மரியாதைக்கு இடப்பக்கமே ஒதுங்குகிறேன்.