தெர்மாகோல் வாத்து

திருத்தணியில் மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கல்பனாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். நீச்சல் தெரியாது. ஆடிக்கிருத்திகைக்குச் சரவணப்பொய்கையில் ஊரே முங்கி எழும்போதும் அவள் மேல்படியில் நின்று தலையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

அவளுக்கிருந்த ஒரே பைத்தியம் ரோபோ. பழுதாகி மூலையில் கிடந்த பிரிண்டர்களைப் பிரித்து, மோட்டாரையும் பல்சக்கரத்தையும் எடுத்து, ஆறு சக்கரத்தில் மணல்மேல் ஊரும் ஒரு வண்டியைச் செய்திருந்தாள். அதற்கு நண்டு என்று பெயர். அவளைப் போலவே பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். பல் மருத்துவர் அனுராதா, ரயில் என்ஜின் ஓட்டி ஓய்வுபெற்ற வேதாசலம், அரக்கோணத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் வளவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது கூடி, அவரவர் செய்ததை ஓட்டிக் காட்டுவார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் திறந்து பார்க்கலாம், கழற்றிப் பூட்டலாம். ஒளிவுமறைவு கிடையாது. அதனால் யார் வண்டியில் எந்த ஒயர் எங்கே ஆடிக்கொண்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஐப்பசி ஞாயிறன்று பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றுக்குப் போனார்கள். நண்டுக்கு மணல் வேண்டும். வேதாசலம் செய்திருந்த வாத்துக்குத் தண்ணீர் வேண்டும். வாத்து என்பது இரண்டு பிவிசி குழாய்க்கு நடுவே தெர்மாகோல் வைத்து, பின்னால் இரண்டு காற்றாடியும் முன்னால் ஒரு சின்னக் கேமராவும் பொருத்திய படகு. ஆற்றில் அன்று இரண்டுமே இருந்தன. அகலமான மணல், அதில் கணுக்கால் நனையும் அளவுக்கு ஓடை ஓடையாகத் தண்ணீர். வானம் மூடியிருந்தாலும் மழை இல்லை.

நண்டு நன்றாகவே ஓடியது. ஆற்றின் நடுவில் ஒற்றைச் சீமைக்கருவேல மரம் நின்ற திட்டுவரை போய், அங்கே நின்றுவிட்டது. ரிமோட்டைத் தட்டிப் பார்த்தாள், அசையவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கரையில் விட்டு நடந்தாள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை என்பதால் அவளுக்குப் பயம் எதுவும் தோன்றவில்லை.

திட்டில் உட்கார்ந்து சக்கரத்தில் சிக்கிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தபோது காற்று அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. மரத்தைப் பார்த்தாள். இலை ஆடவில்லை. கரையிலிருந்து வளவன் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினான். என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. பிறகுதான் மேற்கே பார்த்தாள். ஆறு பழுப்பு நிறத்தில், சருகும் நுரையும் குச்சியுமாக, அகலம் முழுக்க வந்துகொண்டிருந்தது.

ஆந்திரப் பக்கம் பெய்த மழைக்கு மேலே அணையில் மதகைத் திறந்திருந்தார்கள். கரையோர ஊர்களில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டும் போனார்களாம். ஆற்றுக்குள் இருந்தவர்கள் காதில் அது விழவில்லை.

நண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச தூரம் போவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்து, காலடி மணலை உருவியது. விழுந்தாள். வாய்க்குள் மண்ணும் தண்ணீரும் போயின. எழுந்தபோது கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மரம் மட்டும் தெரிந்தது. தவழ்ந்தும் நடந்தும் அதனிடம் திரும்பிப் போய்க் கட்டிக்கொண்டாள். முள் கையிலும் கன்னத்திலும் ஏறியது. மரத்தைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு வருஷமாகச் செய்த நண்டு அவள் இடுப்புப் பக்கமிருந்து நழுவி, ஒருமுறை புரண்டு, காணாமல் போனது. அதற்காக வருத்தப்படக்கூட அவளுக்கு மனசில் இடமில்லை.

கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் பைக்குள் போன் அடித்தது. தாடையால் அழுத்தி எடுத்தாள். அனுராதாதான்.

"கல்பனா, மரத்த உட்றாத. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிட்டோம், வந்துகினு இருக்காங்க."

"எவ்ளோ நேரம் ஆவும் அக்கா?"

அனுராதா மெதுவாகச் சொன்னாள். வழியில் தரைப்பாலம் முழுகிவிட்டது, வண்டி சுற்றிக்கொண்டு வரவேண்டும். வளவன் கயிறு தேடி ஊருக்குள் ஓடியிருக்கிறான். வேதாசலம் சார் வாத்தை அனுப்பப் போகிறார். வாத்தின் வாலில் தூண்டில் நரம்பு கட்டியிருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் போதும், நரம்பில் கயிற்றைக் கட்டி அனுப்பலாம்.

அந்த வாத்தைப் போன வாரம்தான் கல்பனாவே கடையில் வைத்துத் திறந்து பார்த்திருந்தாள். காற்றாடிகளைப் பிடித்திருப்பது வெறும் குளூ கன் பசை. பேட்டரி டப்பாவைச் சுற்றியிருப்பது இன்சுலேஷன் டேப். குளத்தில் ஓடினால் கைதட்டலாம். இந்த ஆற்றில் ஓடுமா? வேறு யாருடையதாவது, எங்கோ கம்பெனியில் செய்த இயந்திரமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருப்பாள். இதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. மரம் வேரோடு லேசாக அசைவது அவள் நெஞ்சுக்குத் தெரிந்தது.

மேலே கொஞ்ச தூரத்தில் வாத்து ஆற்றில் இறங்கியது. வெள்ளையாகக் குதித்துக் குதித்து வந்தது. பாதி ஆறு வரைக்கும் ஒழுங்காக வந்ததைப் பார்த்து அவள் ஒரு கையை எடுத்து நீட்டினாள். அதற்குள் நரம்பு நீரில் விழுந்து இழுக்க, படகின் வால் அமுங்கி, மூக்கு மேலே தூக்கி, அப்படியே கவிழ்ந்தது. கவிழ்ந்த படகு அவளுக்கு எட்டாத தூரத்தில் கீழே போயிற்று.

அனுராதாவின் குரல் ஏதோ சொல்லத் தொடங்கியது. ஒரு கட்டை வந்து மரத்தில் மோதிய வேகத்தில் கல்பனா கழுத்துவரை நனைந்தாள். பைக்குள் தண்ணீர் புகுந்து போன் அணைந்துபோனது.

அதுவரை பயம் என்று அவள் நினைத்திருந்தது பயமே இல்லை. காதில் ஒரு மனிதக் குரல் இருந்தவரை அவள் கரையின் ஒரு ஓரத்தில்தான் இருந்தாள். இப்போது சத்தம் மட்டும். கரையில் ஆட்கள் சின்னதாக இங்குமங்கும் ஓடினார்கள். கைவிட்டுவிட்டார்களா, வேறு ஏதாவது செய்கிறார்களா, எதுவும் தெரியவில்லை. ஒரு பாம்பு தலையை மட்டும் தூக்கிக்கொண்டு அவள் தோளை உரசாத குறையாகப் போனது. அவள் கத்தவில்லை. கத்தினால் பிடி தளர்ந்துவிடும் என்று இருந்தது. முருகனைக்கூட முழுப்பேர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்த புருஷன் ராஜேஷுக்கு இந்நேரம் யார் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாள். காலையில் வைத்துவிட்டு வந்த சாம்பாரைச் சூடு பண்ணச் சொல்ல மறந்தது ஞாபகம் வந்தது. இந்த நேரத்தில் இதுவா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

விரல்கள் மரத்துவிட்டன. பிடித்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்போது மறுபடி வெள்ளையாக ஒன்று வந்தது. கவிழ்ந்த வாத்தை நரம்பைப் பிடித்து இழுத்தெடுத்து, கேமராவைக் கழற்றி எடையைக் குறைத்து, இன்னும் மேலே போய் விட்டிருந்தார்கள். இந்தமுறை அது நேராக அவளை நோக்கி வரவில்லை. நடு ஆற்றுக்கு வந்தது, நிற்காமல் அதையும் தாண்டியது. மரத்துக்கு அந்தப் பக்கம், அவள் கை எட்டாத தொலைவில், அப்படியே போய்க்கொண்டிருந்தது. தவறிவிட்டது. இனி மூன்றாவது முறைக்கு அவளிடம் கை இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கழுத்தில் கத்தியால் கீறியதுபோல இருந்தது. கண்ணைத் திறந்தாள். நரம்பு. வாத்து மரத்தைத் தாண்டிக் கீழே போக, அதன் பின்னால் வந்த நரம்பு மரத்திலும் அவள் கழுத்திலும் வளைந்து இறுகிக்கொண்டிருந்தது. பல்லால் கடித்துப் பிடித்தாள். பிறகு ஒரு கையில் சுற்றினாள். இழுத்தாள். உள்ளங்கை அறுபட்டு ரத்தம் வந்தது. இழுக்க இழுக்கக் கனம் கூடியது. கடைசியில் நரம்பின் முனையில் நனைந்த கிணற்றுக் கயிறு வந்து சேர்ந்தது. மரத்தைச் சுற்றிக் கட்டினாள், மிச்சத்தைத் தன் இடுப்பில் கட்டினாள். என்ன முடிச்சுப் போட்டாள் என்று பிற்பாடு கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வளவன் கூட்டிவந்த துளசிங்கம் என்ற விவசாயி, லாரி டியூபை மாட்டிக்கொண்டு அந்தக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து ஆற்றுக்குள் வந்தார். அவளுக்கு அருகில் வந்ததும் மூச்சு வாங்க, "பயப்படாத தங்கச்சி, மரத்த உட்டுட்டு என்னப் புடி" என்றார்.

"முடியலண்ணா."

"ஆங், முடியாது தான். நான் எடுத்துவுடறேன்."

ஒவ்வொரு விரலாக அவர்தான் மரத்திலிருந்து பிரித்தெடுத்தார். கரைக்கு வரும்வரை அவள் அவர் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். கரையில் படுக்கவைத்தபோது மேலே சேற்றுச் சாலையில் தீயணைப்பு வண்டியின் மணி கேட்டது. யாரோ ஒருவர் ஆற்றைக் காட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மரம் போய்விட்டது என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள் வேதாசலத்தின் சாமர்த்தியத்தைச் சொன்னாள். முதல்தடவை நேராக விட்டு ஏமாந்தவர், இரண்டாம்தடவை வேண்டுமென்றே என்னைத் தாண்டி ஓட்டி, நரம்பை என்மேல் விழவைத்தார், ரயில் ஓட்டின கை இல்லையா என்பாள். ராஜேஷும் அதைக் கேட்டுத்தான் சமாதானமானான். நல்ல ஆட்கள் கூடத்தான் இருக்கிறாய், போய்வா என்றும் சொல்லிவிட்டான்.

வேதாசலம் ஒரு மதியம் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, இதே பேச்சை அவரிடமும் எடுத்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஊர்ல எல்லாரும் அப்டியே சொல்றாங்கம்மா. அப்டி இல்ல. பாதி ஆத்துலயே ரிமோட்டு வேலை செய்யல. ஒரு காத்தாடி பிச்சுகினு போயிடுச்சி. அது பாட்டுக்குப் போச்சு. உன்னத் தாண்டிப் போனப்ப நான் கரைல உக்காந்துட்டேன்."

கல்பனா ஜெராக்ஸ் மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட உள்ளங்கைக்குக் கீழே விரல்கள் மறுபடி மரத்துக்கொண்டு வந்தன. ஒரு வாரமாக அவள் கால் ஊன்றி நின்றிருந்த இடம் நழுவியது. பதைத்து உட்கார்ந்தாள்.

"இத ராஜேஷ்கிட்ட சொல்லிடாதீங்க சார்" என்றாள்.