மங்குகிற தாள்

...இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும், நார்த்தாளில் போட்ட போட்டோ என்றால் ஒரு மணி நேரமாவது அலச வேண்டும், இழைக்குள் ஊறிய மருந்து லேசில் விடாது, இந்த டகோராடி ஊரில் இன்றைக்குத்தான் குழாயில் தண்ணீர் இப்படி வருகிறது, என்று எண்ணியபடியே எகுவா தட்டில் மிதந்த படத்தை விரல் நுனியால் புரட்டிப் போட்டாள். தண்ணீருக்கடியில் மகன் எபோ சிரித்தான். துறைமுகத்து வேலைச் சட்டை, மேல் பொத்தான் போடவில்லை, எத்தனை தடவை சொல்லியிருப்பாள்... தலைக்கு மேலே கொடியில் அதே எபோ இன்னொரு தாளில். ரெசின் பூசிய தாள், அலசி எடுக்க நாலு நிமிஷம், ஏற்கெனவே காய்ந்து தகடு மாதிரி தொங்குகிறான். மருமகள் மன்ஸா கேட்டது அதைத்தான். பிறகு தட்டில் கிடக்கிற இதை எதற்குப் போட்டாள்? ஸ்டூடியோவில் மிச்சமிருந்த நார்த்தாளை வீணாக்க வேண்டாமென்றா? இல்லை, அவளுக்குத் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிடலாமென்றா?

போன வாரம் வந்தபோது மன்ஸா வாசலிலேயே நின்றாள். எபோ காய்ச்சலில் போய் இரண்டு வருஷம், தார்க்வா ஊரில் ஒருவரோடு கல்யாணம் பேசியாயிற்று, அதையெல்லாம் தரையைப் பார்த்தே சொன்னாள். எகுவாவும் நல்லது என்றாள், மனதாரத்தான் சொன்னாள். கொண்டுபோக எபோவின் படம் ஒன்று கேட்டாள் மன்ஸா. நார்த்தாளில் போடுகிறேன், உன் பேரப்பிள்ளை காலத்துக்கும் கிடக்கும் என்றதற்கு, அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். “சீக்கிரம் மங்குற தாள் ஒண்ணு இருக்குமே அத்தை, அதுல போடுங்க.” ஏம்மா, பாழாப் போறதுக்கா என்று கேட்டதற்கு வந்த பதில்தான் இன்னும் காதில் கிடக்கிறது. “அவரை மறக்க எனக்கு மனசு வராது அத்தை. தாளே தானா மங்கிட்டா, என் மேல பழி இல்ல பாருங்க.”

மங்குமா? பழைய ரெசின் படங்கள் சட்டத்துக்குள்ளேயே பழுப்புத் தட்டியதை எகுவா பார்த்திருக்கிறாள், ஆனால் இப்போது வருகிற தாள் நன்றாகவே தாங்கும் என்கிறார்கள், அறுதியிட்டுச் சொல்ல யார் இருந்து பார்த்தார்கள்... அப்படியானால் மன்ஸா கேட்டதும் கிடைக்காமல் போகலாம். அந்தப் பெண் புது வீட்டில் போய் அடுப்பு மூட்டும்போதெல்லாம் இவன் படத்தில் சிரித்துக்கொண்டே இருந்தால்?

வெளியே செருப்புச் சத்தம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள் மன்ஸா, கையில் வழிக்குக் கட்டிய கென்கே, புளித்த சோள மாவு உருண்டை. எகுவாவின் கை தண்ணீருக்குள் ஒரு கணம் நின்றது. பிறகு ஈரத்தைத் துணியில் துடைத்துவிட்டு, கொடியிலிருந்ததை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தாள். மன்ஸா உறையைத் திறக்கவில்லை.

“எத்தனை வருஷம் இருக்கும் அத்தை?”

“தெரியலைம்மா. வெயில் படாத இடமா வை,” என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டு, “இல்ல, உனக்குத் தோணுற இடத்துல வை,” என்றாள் எகுவா.

மன்ஸா அவள் தோளில் நெற்றியை வைத்து அழுத்திவிட்டுப் போனாள். எகுவா உள்ளே வந்தாள். தட்டில் எபோ மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான். நூறு வருஷம் கிடப்பான், சரி, அதில் இவள் பார்க்கப்போவது எத்தனை, மிச்ச வருஷமெல்லாம் தன்னை யாரென்றே தெரியாதவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு... அலசலைப் பாதியில் விட்டால் நார்த்தாளும் பழுத்துப்போகும், அது அவளுக்குத் தெரியாததா? மன்ஸாவுக்குக் கேட்கத் தெரிந்தது. தனக்கு எந்தத் தாள் வேண்டுமென்று இதுவரை யாரும் கேட்கவில்லை, தானும்கூடத்தான் கேட்டுக்கொள்ளவில்லை, என்று தோன்றியபோது மூடுவதா விடுவதா என்று கை குழாயின் மேல் இருந்தது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.