தீர்த்துவிட்ட நேர்த்தி

நல்ல செய்தியின் முதல் வரி காதில் விழுந்தால் போதும், என் கணவர் வீரகத்தி மீதியைக் கேட்கமாட்டார். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் என் வயிற்றை வெட்டிப் பார்த்த டாக்குத்தர், "புற்றுநோய் இல்லை" என்றதும் மனுசன் கும்பிட்டபடி கோயில் பக்கம் ஓடிவிட்டார். மிச்சத்தைக் கேட்டது கட்டிலில் கிடந்த நான்தான்.

"கருப்பையில இருந்த பெரிய கட்டியை எடுத்திட்டம், அம்மா. ஆனா குடலைச் சுத்தி இன்னும் பயறு பயறாச் சிதறிக் கிடக்கு. தசைக் கட்டிதான். இப்பிடி வாறது அபூர்வம். எல்லாத்தையும் எடுக்கேலாது. இப்ப பயமில்லை, பிறகு பொல்லாததா மாறக்கூடும். ஒண்டு வளர்ந்தாலும் உடனே வாங்கோ."

எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பிய பிறகு இதைப் பல தடவை சொல்லிப் பார்த்தேன். "டாக்குத்தர்மார் அப்பிடித்தான் வெருட்டுவினம்" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

நான் உயிரோடு திரும்பினால் வற்றாப்பளை அம்மனுக்குச் செடில் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தார். வைகாசிப் பொங்கலன்று முதுகுத் தோலில் முள் ஏற்றி, பின்னால் ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, கொதிக்கிற மணலில் ஆடினார். எனக்காக. பார்த்து நின்ற எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நேர்த்திக்கடன் தீர்ந்தது, ஆகவே நோயும் தீர்ந்தது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. "உனக்கென்னடி, அம்மன் திருப்பித் தந்த உடம்பு" என்று பக்கத்துக் காணி நாகேஸ்வரியும் என் வாயை அடைத்துவிட்டாள். இனி ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மனை நம்பாதவள் என்பார்கள்.

அந்த வாரமே குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. தழும்புக்கு மேலே, எலுமிச்சங்காய் அளவில், கல்லு மாதிரி. போன மாதம் அது அங்கே இல்லை.

முற்றத்தில் அவர் முதுகுக் காயங்களுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது, "இஞ்சாருங்கோ, கையைத் தாங்கோ" என்று வாங்கி என் வயிற்றில் வைத்து அழுத்தினேன். அவர் முகம் செத்துப் போயிற்று. இப்போதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

"காலமை பஸ்ஸில பெரியாஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"உன்னாலதான் அன்னம், எல்லாம் உன்னாலதான்!" அவர் குரல் உடைந்தது. "அம்மன் எல்லாத்தையும் எடுத்துவிட்டவா. நீ நெடுக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி எண்டு நினைச்சாய். அதுதான் திருப்பித் தந்திட்டா."

"இது முந்தியே உள்ளுக்க கிடந்தது. டாக்குத்தர் சொன்னவர்."

"நான் நேர்ந்தது போதாது. வாற வைகாசிக்குத் தூக்குக் காவடி எடுக்கிறன். முள்ளில தொங்கிறன். அதுவரைக்கும் நீ அவாவைச் சந்தேகப்படாதை. ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கமாட்டன் எண்டு என்ரை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

என் காலைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். குனிந்ததில் முதுகுக் காயங்கள் வெடித்து மஞ்சளோடு இரத்தம் வழிந்தது. கொடுமைக்காரனாக இருந்திருந்தால் போடா என்று உதறிவிட்டு பஸ் ஏறியிருப்பேன். இவர் எனக்காகத் தோலைக் கொடுத்தவர், இன்னும் கொடுக்கப் போகிறவர். இந்த மனுசனிடமிருந்து எப்படித் தப்புவது?

அவர் தலையில் கை வைத்தேன்.

"போகமாட்டன்."

அடுத்த வைகாசிக்கு முழுதாக ஒரு வருசம் இருந்தது.