வெள்ளையாக விட்ட வட்டம்

1

இருந்தவர்கள் நால்வர்: மரபணு ஆராய்ச்சியாளரான தங்கை, ஓய்வுபெற்ற அறுவைசிகிச்சை மருத்துவரான அண்ணன், அவர் மனைவி, காலமான சின்ன அத்தையின் மகள். தங்கைக்கு விருது அறிவித்த நாள். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. தங்கையின் வரலாற்றைக் குடும்பத்துப் பெரியவர்தான் எழுத வேண்டும் என்று அத்தை மகள் கேட்டாள். இந்தக் கதை அப்படிப் பிறந்தது.

(எழுதுபவர் அந்த அண்ணனே. ‘நான்’ என்று தொடங்கினால் பேனா நியாயம் பேசும். அதனால் ‘அண்ணன்’.)

2

“சிறுவயதிலேயே அவளுடைய அறிவு...” வேண்டாம். சிறுவயதில் வகுப்பில் முதலாவது வந்தது அண்ணன்.

“அண்ணனின் ஊக்கத்தால் அவள்...” படித்தால் சிரிப்பாள். அடித்தாயிற்று.

நேராகவே சொல்லலாம். புற்றுநோய் வழிவழியாக வரும் குடும்பங்களை அவள் படமாக வரைவாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் கண்டவருக்கு உள்ளே கறுப்பு. அண்ணன் முப்பது வருடம் கட்டிகளை அறுத்தெடுத்தார். அவை ஏன் ஒரே வீட்டைத் தேடி வருகின்றன என்று இவள் பென்சிலால் கண்டுபிடித்தாள். முதலில் சிரித்த சபைகள் பிறகு எழுந்து நின்று கைதட்டின. ஒருநாள் செய்தித்தாளில் நான்கு பத்தி அகலத்துக்கு அவள் படம். அண்ணன் மடித்து வைத்தவர், பிறகு பிரிக்கவில்லை.

3

செய்தித்தாள் வந்த அன்று மாலையே, சொந்தக் குடும்பத்துக்கு வரைந்த வட்டம்-சதுரப் படத்தோடு தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

“பெரிய அத்தைக்கு மார்புல கட்டி. சின்ன அத்தைக்கு என்னண்ணா?”

“மாரடைப்பு. இறப்புச் சான்றிதழ்ல இருக்கே.”*

“எழுதினதே நீங்கதானே. அதான் கேக்கறேன்.”

“டாக்டர் நான். படம் வரையறவளுக்குச் சந்தேகமா?”

“காலையில பேப்பர்ல உன் போட்டோ வந்ததுலேர்ந்து உங்கண்ணன் இப்படித்தான், சுள்ளுனு விழறாரு” என்றாள் அண்ணன் மனைவி.

சின்ன அத்தையின் வட்டம் வெள்ளையாகவே நின்றது. அந்தக் கிளைக்கு மரபணுச் சோதனை தேவையில்லை என்று தங்கை விட்டுவிட்டாள். நான்கு வருடம் கழித்து அத்தை மகளுக்கே கட்டி வந்தது. பிழைத்தாள்.

* தாத்தா சொல்லி எழுதியது. அப்போது வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்கள் இருந்தார்கள். தங்கை கேட்ட மாலையில் அந்தக் காரணம் இல்லை; எல்லோருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

4

முடிவு. அண்ணன் விருது நாளில் எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டார் என்று எழுதலாம். நடக்கவில்லை. அத்தை மகள் மன்னித்தாள் என்று... அதை எழுதும் உரிமை இந்தப் பேனாவுக்கு இல்லை. இந்தத் தாள்கள் முதலில் அவளுக்குத்தான் போகின்றன. முடிவை அவளே எழுதிக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும். தங்கை கேட்ட மாலையிலேயே அண்ணனுக்கு மறதி தொடங்கியிருந்தது என்று உறவுக்காரர்களிடையே ஒரு பேச்சு. தவறு. அன்று அவருக்கு ஐம்பத்தாறு வயது. சின்ன அத்தையின் கட்டி இடது மார்பில் இருந்தது என்பதுகூட நினைவிருந்தது.